செல்ஃபியில் இடம் மாறும் பாக்கெட், எக்ஸ்ரேயில் இடம் மாறும் கை: போனுக்குள் ஓடும் கிராஃப் கணக்கு என்ன?

ஆன்லைன் விண்ணப்பத்தில் போட்டோவை அப்லோடு செய்கிறீர்கள். கேலரியில் நேராக நின்ற முகம், இணையதளத்தில் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. செல்ஃபி எடுக்கிறீர்கள். சட்டையின் இடது பக்கம் இருந்த பாக்கெட், படத்தில் வலது மார்புக்குப் போய்விடுகிறது. ஜெராக்ஸ் கடையில் 'டபுள் சைஸ்' என்று சொன்னால், கடைக்காரர் 200 என்று அழுத்தாமல் 141 என்று அழுத்துகிறார்.

மூன்றும் வேறு வேறு பிரச்னை மாதிரி தெரியலாம். ஆனால் மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே பாடம்தான்: கிராஃப் தாளில் ஒரு வடிவத்தை நகர்த்துவது, கண்ணாடிபோல் திருப்பிப் போடுவது, சுழற்றுவது, பெரிதாக்குவது. கணிதத்தில் இதற்கு 'உருமாற்றங்கள்' என்று பெயர்.

'அதெல்லாம் ஸ்கூலோட முடிஞ்சு போச்சே' என்று நினைக்க வேண்டாம். எடிட் ஆப்பில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு பட்டனும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. சில இடங்களில், இந்த நான்கில் எது நடந்திருக்கிறது என்று தெரியாமல் போனால் ஆபத்தும் இருக்கிறது.

படம் என்பது எண்களின் பட்டியல்

ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதை இரண்டு எண்களால் சொல்லிவிடலாம். பிரெஞ்சு அறிஞர் ரெனே தெகார்த் 1637-ல் வெளியிட்ட வடிவியல் நூல் இந்த யோசனையைப் பரவலாக்கியது. கிடைமட்டமாக ஓடுவது எக்ஸ் அச்சு. செங்குத்தாக நிற்பது ஒய் அச்சு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் ஆதிப்புள்ளி, அதாவது (0, 0). அங்கிருந்து வலப்பக்கம் 4, மேலே 1 போனால் அந்த இடத்தின் முகவரி (4, 1).

போனில் இருக்கும் போட்டோவும் இப்படித்தான். 4000 × 3000 அளவுள்ள ஒரு படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி, ஒரு நிறம். படத்தைத் திருப்புவது என்றால், இந்த முகவரிகளை எல்லாம் ஒரே விதிப்படி மாற்றுவது. அவ்வளவுதான்.

1 கோடி பிக்சல்களுக்குப் பதிலாக மூன்று புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏ (1, 1), பி (4, 1), சி (1, 3). இவற்றை இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். பேப்பரில் ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

1. நகர்த்தல்: எல்லாம் ஒன்றாகத் தள்ளிப் போகும்

எல்லாப் புள்ளிகளையும் வலப்பக்கம் 5, கீழே 2 தள்ளுங்கள். எக்ஸுடன் 5 கூட்ட வேண்டும், ஒய்-யில் 2 கழிக்க வேண்டும். முக்கோணம் இப்போது (6, −1), (9, −1), (6, 1) என்ற இடத்துக்குப் போய்விடும்.

நீளம், கோணம், பரப்பு, பார்க்கும் திசை எதுவும் மாறாது. வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் ஸ்டிக்கரை விரலால் இழுத்து வேறு இடத்தில் வைப்பது இதுதான்.

2. பிரதிபலிப்பு: இடம் வலம் மாறும்

ஒய் அச்சு இருக்கும் இடத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எக்ஸின் குறி மட்டும் மாறும். (1, 1) என்பது (−1, 1) ஆகும். (4, 1) என்பது (−4, 1) ஆகும். (1, 3) என்பது (−1, 3) ஆகும். எக்ஸ் அச்சில் கண்ணாடி வைத்தால் ஒய்-யின் குறி மாறும்.

இங்கேயும் நீளம், கோணம், பரப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒரு விஷயம் மாறிவிட்டது. பழைய முக்கோணத்தில் ஏ-யிலிருந்து பி, பி-யிலிருந்து சி என்று விரலை ஓட்டிப் பாருங்கள். கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றி வரும். புதிய முக்கோணத்தில் அதே வரிசையில் ஓட்டினால், விரல் கடிகாரத் திசையில் போகும். இடது கை வலது கை ஆனதுபோல் இது. நான்கு உருமாற்றங்களில் இந்த வேலையைச் செய்வது பிரதிபலிப்பு மட்டும்தான்.

செல்ஃபியில் நடப்பதும் இதுவே. முன் கேமராவைத் திறந்ததும் திரையில் தெரிவது கண்ணாடி பிம்பம். படம் எடுத்த பிறகு, பல போன்கள் அதை மறுபடி திருப்பி, அடுத்தவர் உங்களைப் பார்க்கும் விதத்தில் சேமிக்கின்றன. சில போன்கள் கண்ணாடி பிம்பத்தையே சேமிக்கின்றன. கேமரா செட்டிங்ஸில் இதை மாற்றிக்கொள்ளலாம்.

'திருப்பின படத்துல என் மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கே' என்று தோன்றுவதற்கும் காரணம் உண்டு. 1977-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், பலரும் தங்களுடைய கண்ணாடி பிம்பப் படத்தையே விரும்பினார்கள். அவர்களின் நண்பர்களோ நேரான படத்தை விரும்பினார்கள். தினமும் எதைப் பார்த்துப் பழகினோமோ, அதுதான் நமக்குப் பிடிக்கிறது. மற்றபடி முகத்தில் எந்தக் குறையும் இல்லை.

ஆம்புலன்ஸின் முன்பக்கம் எழுத்துகளைத் திருப்பி எழுதியிருப்பதும் இதே கணக்குதான். முன்னால் போகும் டிரைவர் ரியர்வியூ கண்ணாடியில் பார்க்கும்போது அது இன்னொரு முறை திரும்பி, நேராகத் தெரியும். இரண்டு முறை பிரதிபலித்தால் இடம் வலம் பழையபடி சரியாகிவிடும்.

3. சுழற்சி: படம் சுற்றும், இடம் வலம் மாறாது

ஆதிப்புள்ளியை ஆணியாக அடித்து, தாளைக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் 90 டிகிரி சுற்றுங்கள். விதி இதுதான்: இரண்டு எண்களையும் இடம் மாற்றி, முதலில் வரும் எண்ணின் குறியை மாற்ற வேண்டும். (எக்ஸ், ஒய்) என்பது (−ஒய், எக்ஸ்) ஆகும். நம் முக்கோணம் (−1, 1), (−1, 4), (−3, 1) ஆகிவிடும். 180 டிகிரி என்றால் இரண்டு எண்களின் குறியும் மாறும்: (−எக்ஸ், −ஒய்).

ஏ, பி, சி என்று விரலை ஓட்டிப் பாருங்கள். பழையபடி கடிகாரத்துக்கு எதிர்த் திசைதான். சுழற்சி இடம் வலத்தைக் கெடுக்காது.

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்கூல் கிராஃப் தாளில் ஒய் மேல்நோக்கி வளரும். கணினித் திரையில் ஆதிப்புள்ளி இடது மேல் மூலையில் இருக்கும். ஒய் கீழ்நோக்கி வளரும். அதனால் இதே (−ஒய், எக்ஸ்) விதியைத் திரையில் போட்டால் படம் கடிகாரத் திசையில் சுற்றும். இணையப் பக்க வடிவமைப்புக்கான சிஎஸ்எஸ் மொழியில் 90 டிகிரி சுழற்று என்று எழுதினால் படம் வலப்பக்கமாகச் சுற்றுவது இதனால்தான்.

போட்டோ ஏன் படுத்துக்கொள்கிறது?

போனுக்குள் இருக்கும் கேமரா சென்சார் அசையாது. நீங்கள் போனை நிமிர்த்திப் பிடித்தாலும், படுக்க வைத்துப் பிடித்தாலும், அது தன் வரிசைப்படியேதான் பிக்சல்களைப் பதிவு செய்யும். ஆகவே நிமிர்த்தி எடுத்த படம், பெரும்பாலும் கோப்புக்குள் படுத்த நிலையில்தான் இருக்கிறது.

1 கோடி பிக்சல்களையும் இடம் மாற்றி எழுதுவதற்குப் பதிலாக, பல போன்கள் கோப்புடன் ஒரு குறிப்பை மட்டும் சேர்க்கின்றன: 'காட்டும்போது இப்படித் திருப்பிக் காட்டு'. எக்ஸிஃப் எனப்படும் படத் தகவல் தொகுப்பில் இந்தத் திசைக் குறிப்பு 1 முதல் 8 வரை உள்ள ஓர் எண்ணாக இருக்கும். 1 என்றால் அப்படியே காட்டு. 3 என்றால் 180 டிகிரி திருப்பு. 6 என்றால் கடிகாரத் திசையில் 90 டிகிரி திருப்பு. 8 என்றால் எதிர்த் திசையில் 90 டிகிரி திருப்பு. மீதமுள்ள 2, 4, 5, 7 ஆகிய நான்கும் கண்ணாடி பிம்பம் கலந்தவை.

ஏன் சரியாக 8? 90 டிகிரி படிகளில் நான்கு விதமாகச் சுற்றலாம். அந்த நான்கையும் கண்ணாடியில் காட்டினால் இன்னொரு நான்கு. வேறு வழியே கிடையாது.

கேலரி ஆப் இந்தக் குறிப்பைப் படித்து, படத்தை நிமிர்த்திக் காட்டுகிறது. சில இணையதளங்கள் குறிப்பைக் கண்டுகொள்வதில்லை. அல்லது அளவைச் சுருக்கும்போது குறிப்பைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. அங்கேதான் முகம் படுத்துக்கொள்கிறது. உங்கள் மேல் தப்பில்லை.

தீர்வு என்ன? எடிட் ஆப்பில் படத்தைச் சற்று கிராப் செய்து புதிய பிரதியாகச் சேமித்துப் பாருங்கள். பல ஆப்கள் அப்போது பிக்சல்களையே திருப்பி எழுதிவிடும். அதுவும் சரிவரவில்லை என்றால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அப்லோடு செய்யலாம். திரையில் எப்படித் தெரிந்ததோ அப்படியே பதிவாகும். ஆனால் படத்தின் தரம் குறையும் என்பதால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளவும்.

4. அளவு மாற்றம்: டபுள் என்றால் நான்கு மடங்கு

எல்லா எண்களையும் 2-ஆல் பெருக்குங்கள். முக்கோணம் (2, 2), (8, 2), (2, 6) ஆகும். கோணங்கள் மாறவில்லை, வடிவம் மாறவில்லை. பக்கங்கள் இரட்டிப்பாகிவிட்டன. பரப்பு? பழைய முக்கோணத்தின் பரப்பு 3 சதுர அலகு. புதியது 12. அதாவது நான்கு மடங்கு. நீளத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறோமோ, பரப்பு அதன் வர்க்கம் மடங்கு பெருகும்.

ஜெராக்ஸ் கடைக்காரரின் 141 இப்போது புரியும். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். ஏ3 தாள் 297 × 420. பரப்பில் ஏ3 இரண்டு மடங்கு. பரப்பு இரண்டு மடங்காக வேண்டும் என்றால் நீளம் 2-ன் வர்க்கமூலம், அதாவது சுமார் 1.41 மடங்கு ஆனால் போதும். அதுதான் 141 சதவீதம். 200 என்று அழுத்தினால் ஏ3 தாளில் அடங்காது, ஏ2 தேவைப்படும்.

இரண்டு எண்களையும் ஒரே அளவில் பெருக்கினால்தான் வடிவம் காப்பாற்றப்படும். எக்ஸை ஒரு மடங்கும் ஒய்-யை வேறொரு மடங்கும் பெருக்கினால் முகம் அகலமாகும் அல்லது நீளமாகும். பல விண்ணப்பங்கள் 3.5 × 4.5 செ.மீ. போட்டோ கேட்கின்றன. சதுரமான படத்தை அந்த அளவுக்கு இழுத்து நீட்டக் கூடாது. 7-க்கு 9 என்ற விகிதத்தில் கிராப் செய்துவிட்டு, அப்புறம் அளவைக் குறைக்க வேண்டும்.

வரிசை மாறினால் விடை மாறும்

(2, 1) என்ற புள்ளியை முதலில் ஒய் அச்சில் பிரதிபலியுங்கள்: (−2, 1). பிறகு எதிர்த் திசையில் 90 டிகிரி சுற்றுங்கள்: (−1, −2).

இப்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் சுற்றினால் (−1, 2). பிறகு பிரதிபலித்தால் (1, 2).

இரண்டே வேலைகள். ஆனால் புள்ளி ஆதிப்புள்ளியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய் நிற்கிறது. எடிட் ஆப்பில் 'ஃபிளிப்', 'ரொட்டேட்' பட்டன்களை மாற்றி மாற்றித் தட்டி, படம் எங்கெங்கோ போவதன் காரணம் இதுதான்.

இன்னொரு சுவாரசியமும் உண்டு. ஒய் அச்சில் ஒருமுறை, எக்ஸ் அச்சில் ஒருமுறை பிரதிபலித்தால் கிடைப்பது (−எக்ஸ், −ஒய்). அது 180 டிகிரி சுழற்சியேதான். துணிக்கடை டிரையல் ரூமில் இரண்டு கண்ணாடிகள் செங்கோணமாகச் சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே தெரியும் உருவம் வலது கையைத் தூக்கினால் வலது கையைத்தான் தூக்கும். மற்றவர்கள் உங்களைப் பார்ப்பது அப்படித்தான்.

கியூஆர் கோடு எப்படிச் சாய்ந்தாலும் ஸ்கேன் ஆவது ஏன்?

டீக்கடை மேஜையில் கியூஆர் அட்டை தலைகீழாக இருந்தாலும் பணம் போகிறது. 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழு இதை உருவாக்கியபோதே அதற்கு வழி செய்துவிட்டது. நான்கு மூலைகளில் மூன்றில் மட்டும் பெரிய சதுரங்கள் இருக்கும். நான்காவது மூலை எங்கே காலியாக இருக்கிறது என்று பார்த்து, கோடு எத்தனை டிகிரி சுற்றியிருக்கிறது என்பதை ஆப் கண்டுபிடிக்கிறது.

அந்தச் சதுரங்களின் மையம் வழியாகக் கோடு போட்டால் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 விகிதத்தில் வரும். பக்கத்தில் பார்த்தாலும் தூரத்தில் பார்த்தாலும் இந்த விகிதம் மாறாது. நகர்த்தல், சுழற்சி, அளவு மாற்றம் மூன்றையும் கடந்து எது மாறாமல் நிற்கிறதோ, அதைத்தான் ஆப் தேடுகிறது.

எக்ஸ்ரேயில் மட்டும் அலட்சியம் கூடாது

இதுவரை பார்த்ததெல்லாம் சின்னச் சின்ன எரிச்சல்கள். மருத்துவப் படத்தில் விஷயம் சீரியஸ்.

எக்ஸ்ரே ஃபிலிம் ஒளி ஊடுருவக்கூடியது. அதை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம். தலைகீழாகப் பிடித்தால் அது 180 டிகிரி சுழற்சி. பார்த்தவுடனே தெரிந்துவிடும், திருப்பிப் பிடித்தால் சரி. ஆனால் பின்பக்கமாகப் பிடித்தால் அது பிரதிபலிப்பு. இடது கை எலும்பு, வலது கை எலும்பு போலவே தெரியும். நீளம், கோணம், எலும்பின் வடிவம் எல்லாம் கச்சிதமாக இருப்பதால் கண்ணுக்குத் தவறே தெரியாது.

மார்பு எக்ஸ்ரே என்றால் இதயம் வழக்கமாக இடப்பக்கம் சாய்ந்திருப்பது ஒரு துப்பு. ஆனால் மிகச் சிலருக்குப் பிறவியிலேயே இதயம் வலப்பக்கம் இருக்கும். அப்போது படம் திரும்பியிருக்கிறதா, உடலே அப்படித்தானா என்று கேள்வி வரும். முழங்கால், மணிக்கட்டு போன்றவற்றில் அந்தத் துப்பும் கிடையாது.

அதனால்தான் எக்ஸ்ரே எடுக்கும்போதே இடது, வலது என்பதைக் குறிக்கும் 'எல்', 'ஆர்' ஆங்கில எழுத்துகளை உலோகத்தில் செய்து பக்கத்தில் வைக்கிறார்கள். எலும்புடன் சேர்ந்து எழுத்தும் பதிவாகும். படம் சுழன்றால் எழுத்தும் சுழலும். போனைத் திருப்பினால் நேராகிவிடும். படம் பிரதிபலிக்கப்பட்டால் எழுத்தும் கண்ணாடி எழுத்தாகிவிடும். அதை எந்தப் பக்கம் சுற்றினாலும் நேராக்க முடியாது.

அறுவை சிகிச்சை தவறான பக்கத்தில் நடந்துவிடக் கூடாது என்ற கவலையும் புதிதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே, அறுவை செய்ய வேண்டிய இடம் உடலில் குறிக்கப்பட்டுள்ளதா என்று கேட்பது அவற்றில் ஒன்று.

வீட்டில் அம்மாவின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போட்டோ எடுத்து, வெளியூர் டாக்டருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது இன்று சகஜம். அனுப்பும் முன் அந்த எழுத்து படத்தில் விழுந்திருக்கிறதா, நேராகப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். எழுத்து திரும்பியிருந்தால், பெரும்பாலும் ஃபிலிம் பின்பக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். எழுத்து இருக்கும் ஓரத்தை கிராப் செய்து வெட்டிவிடாதீர்கள். எந்தக் கை, எந்தக் கால் என்பதை மெசேஜிலும் எழுதுங்கள். நேரில் போகும்போது ஒரிஜினல் ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

எது மாறவில்லை என்று கேளுங்கள்

ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் 1872-ல், தன் 23-வது வயதில், வடிவியலையே இந்தக் கோணத்தில் பார்க்கச் சொன்னார். மாற்றங்களைப் பட்டியலிடு, அவற்றுக்குப் பிறகும் எது மாறாமல் நிற்கிறது என்று பார், அதுதான் வடிவியல் என்றார். அந்தக் கேள்வியை வைத்தே நான்கையும் பிரித்துவிடலாம்:

- நகர்த்தல்: இடம் மட்டும் மாறும்.
- சுழற்சி: இடமும் சாய்வும் மாறும். அளவும் இடம் வலமும் மாறாது.
- பிரதிபலிப்பு: அளவு மாறாது. இடம் வலம் மாறும்.
- அளவு மாற்றம்: கோணமும் வடிவமும் மாறாது. நீளமும் பரப்பும் மாறும்.

அடுத்த முறை ஒரு படம் ஏதோ தப்பாகத் தெரிந்தால், முதலில் அதில் உள்ள ஓர் எழுத்தைத் தேடுங்கள். போர்டு, டீ-ஷர்ட் வாசகம், வண்டி நம்பர் பிளேட், எதுவாகவும் இருக்கலாம். எழுத்து சாய்ந்திருந்தால் 'ரொட்டேட்' போதும். கண்ணாடி எழுத்தாக இருந்தால் எத்தனை முறை ரொட்டேட் செய்தாலும் சரியாகாது. 'ஃபிளிப்' ஒருமுறை போட வேண்டும். எழுத்து குட்டையாகவோ நெட்டையாகவோ இருந்தால் யாரோ படத்தை இழுத்திருக்கிறார்கள். எழுத்தே இல்லாத படமா? அப்படியானால் இடது வலது பற்றி அந்தப் படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.